எந்தக் கட்டையை சார்ஜ் போடலாம்?

*எங்கள் வீடு (குழு)*

சுமதி அத்தை: ரவி, அப்பாவின் பிபி மெஷினில் பேட்டரிக் கட்டை மறுபடியும் தீர்ந்துவிட்டது. கவினுடைய சார்ஜரில் போட்டு ஏற்றிக்கொள்ளவா?

சித்தப்பா: வேண்டாம் அக்கா! போட்டிருந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள். கட்டை மேல் என்ன எழுதியிருக்கிறது?

சுமதி அத்தை: இன்னும் போடவில்லை. ஆல்கலைன், 1.5 வோல்ட்.

சித்தப்பா: அது ஒரு தடவைக்குத்தான். மின்சாரம் கொடுக்கக் கொடுக்க உள்ளே இருக்கும் துத்தநாகம் ஆக்சைடாகிவிடும். சார்ஜ் போட்டால் அது ஒழுங்காகப் பழைய நிலைக்கு வராது. வாயு சேர்ந்து, காரத் திரவம் கசியும். கையில் பட்டால் பொசுக்கும். வெடித்தாலும் வெடிக்கும்.

கவின்: அப்போ என் பொம்மைக் கார் கட்டை மட்டும் எப்படி ஏறுகிறது சித்தப்பா?

சித்தப்பா: நல்ல கேள்விடா. உன்னுடையது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. கார் ஓடும்போது ஹைட்ரஜன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். சார்ஜ் போட்டால் போன வழியே திரும்பி வரும். நூற்றுக்கணக்கான தடவை இப்படிப் போய் வரலாம்.

அம்மா: தம்பி, அதில் 1.2 வோல்ட் என்றுதானே போட்டிருக்கிறது? குறைச்சல் இல்லையா?

சித்தப்பா: ஆல்கலைன் 1.5-ல் தொடங்கும், ஆனால் போகப்போக இறங்கி 1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிடும் அண்ணி. இது கிட்டத்தட்ட கடைசிவரை 1.2-லேயே நிற்கும். பிபி மெஷினில் காற்றடிக்கும் மோட்டார் ஒரே இழுப்பில் நிறைய மின்சாரம் கேட்கும். அதற்கு இதுதான் தெம்பு. எதற்கும் மெஷினோடு வந்த புத்தகத்தைப் பார்த்துவிடுங்கள் அக்கா, சில மெஷினுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

அம்மா: அப்படியே சுவர்க் கடிகாரத்துக்கும் வாங்கிவிடவா?

சித்தப்பா: கடிகாரத்துக்கு எதற்கு அண்ணி? அது எடுப்பது துளி மின்சாரம். சாதாரணக் கட்டையே ஒரு வருஷம் ஓடும். சார்ஜ் கட்டை சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், விலையும் கூட.

சுமதி அத்தை: புத்தகத்தில் இரண்டும் போடலாம் என்று இருக்கிறது. நாலு வாங்குகிறேன்.

சித்தப்பா: சரி. நாலையும் ஒன்றாகவே போடுங்கள், பழசோடு கலக்க வேண்டாம். அப்புறம், அந்தப் பழைய கட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கசியாமல் இருந்தால் ஒன்றைக் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள்.

சுமதி அத்தை: ஹால் கடிகாரம் போன வாரமே நின்றுவிட்டது. அதில் போட்டேன். ஓடுகிறது ரவி!