எக்ஸ்போஷருக்குத் தமிழ்: ‘ஒளிபடுகை’ என்று வைத்துக்கொள்வோமா?

எல்லாருக்கும் வணக்கம்.

ஆங்கிலக் கமராச் சொற்களுக்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்று நீங்கள் எழுதிய மடல்கள் எல்லாவற்றையும் ஆறுதலாக இருந்து வாசித்தேன். கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் இளம் ஆட்களுக்கு டிஜிற்றல் கமரா பழக்குகிறவன் என்ற முறையில் என் பக்கத்தைச் சொல்கிறேன். எக்ஸ்போஷர், அதாவது படமெடுக்கும்போது கமராவுக்குள் படத்தைப் பதியும் உணரியில் ஒளி படுவது, என்பதற்கு ‘ஒளிபடுகை’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மற்றச் சொற்களில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளிக்கலாம். இது ஒன்று பிழைத்தால் முழுப் பாடமும் பிழைத்துப் போகும்.

முதலில் சண்டையில்லாதவற்றை ஒதுக்கிவிடுவோம். வில்லை, குவியத்தூரம் இரண்டும் சாதாரண தரம் வரை விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. அவற்றைத் தொடவே வேண்டாம். பொத்தானைப் பாதி அழுத்திக் குவியத்தைப் பிடித்து வைப்பதற்கு வவுனியா ரீச்சர் தந்த ‘அரையழுத்தம்’ வகுப்பில் சொன்ன அன்றே ஒட்டிவிட்டது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்புக்கு ‘வெண்சமநிலை’ போதும். ஐ.எஸ்.ஓ. என்பது நியமங்களை வகுக்கும் சர்வதேச அமைப்பின் பெயர். கமராவில் ஒளியை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்ற அமைப்புக்கும் அந்த எழுத்துகளே இருக்கின்றன. அப்படியே விடலாம்.

ஒளியை உள்ளே விடும் கதவுதான் சட்டர். சட்டர் வேகம் என்பதில் மட்டும் ‘வேகம்’ என்ற சொல்லைக் கைவிடச் சொல்கிறேன். திரையில் 500 என்று நிற்பது ஒரு செக்கனில் 500இல் ஒரு பங்கு. 60 என்று நிற்பது 60இல் ஒரு பங்கு. வேகம் என்று பார்த்தால் 500 பெரிது, நேரம் என்று பார்த்தால் 60 பெரிது. ஒளியைப் பற்றிக் கதைக்கும்போது எங்களுக்கு வேண்டியது நேரம். ஆகவே ‘திறப்பு நேரம்’. கனன் கமராவின் சக்கரத்தில் இதற்கு ‘டிவி’ என்று போட்டிருக்கும். நேர மதிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. தொலைக்காட்சியோடு இணைக்கிற வழி என்று நினைத்து அந்தப் பக்கமே போகாத பிள்ளைகள் உண்டு. தாளில் ‘திறப்பு நேரம்’ என்று எழுதி, பக்கத்தில் அந்த எழுத்தையும் வரைந்து கொடுத்தால் பயம் போய்விடுகிறது.

சரி, எக்ஸ்போஷருக்கு வருவோம்.

> தமிழ்நாட்டில் ‘வெளிப்பாடு’ என்று எழுதுகிறார்கள். இருக்கும் சொல்லை விட்டுப் புதிது எதற்கு?

சென்னையிலிருந்து எழுதிய ஐயாவின் கேள்வி நியாயமானது. நாங்கள் ஒளிமுறிவு என்பதை அங்கே ஒளிவிலகல் என்கிறார்கள், தெறிப்பை எதிரொளிப்பு என்கிறார்கள். இன்னொரு பிளவு வேண்டாம் என்ற அவருடைய கவலை எனக்கும் உண்டு. ஆனால் ஐயா, வெளிப்பாடு என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. உணர்ச்சி வெளிப்பாடு, முகத்தில் தெரியும் வெளிப்பாடு. வேறு துறை என்றால் இடம் பார்த்துப் பொருள் கொள்ளலாம். படம் பிடிக்கும் இடத்தில் இரண்டும் ஒரே முகத்தைப் பற்றியே பேசுகின்றன. “பொம்பிளையின் படத்தில் வெளிப்பாடு குறைவு” என்றால் அவ சிரிக்கவில்லை என்று எடுப்பதா, படம் இருண்டுவிட்டது என்று எடுப்பதா? கலியாண வீட்டில் படமெடுக்கப் பழகுகிறவருக்கு இந்தக் குழப்பம் ஒவ்வொரு படத்திலும் வரும்.

இந்தச் சொல் எங்கே தேவைப்படுகிறது என்பதையும் காட்ட வேண்டும். இங்கே பழகுகிறவர்களுக்கு முதலில் கிடைக்கும் வேலை அநேகமாகப் பள்ளிக்கூட நிகழ்ச்சிதான். காலை வெயில், மைதானம், எல்லாப் பிள்ளைகளும் வெள்ளைச் சீருடை. கமரா தானாக ஒளியை அளந்து எடுத்த படத்தைப் பார்த்தால் சட்டைகள் சாம்பல், முகங்கள் கறுப்பு. “கமரா சரியில்லை அண்ணை” என்பார்கள். கமராவில் பழுதில்லை. எதிரில் இருப்பது நடுத்தரச் சாம்பல், அதாவது விழும் ஒளியில் ஏறக்குறைய 18 வீதத்தைத் தெறிக்கும் பரப்பு, என்று எடுத்துக்கொண்டே அதன் ஒளிமானி கணக்குப் போடுகிறது. வெள்ளைத் துணி அதைவிடப் பல மடங்கு தெறிக்கும். ஒளி அளவுக்கு மிஞ்சி வருகிறது என்று கமரா முடிவெடுத்துக் குறைத்துவிடும். ஐ.எஸ்.ஓ. 100, வில்லைத் துளையின் அளவு எஃப் 8 என்ற நிலையில் 1/500 செக்கன் திறந்திருக்க வேண்டிய படத்துக்கு 1/1000 செக்கன்தான் திறக்கும். கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானில் +1 வைத்தால் நேரம் 1/500 ஆகும். பட்ட ஒளி இரண்டு மடங்கு. சட்டை வெளுக்கும், முகம் யாருடையது என்று தெரியும். ஆசைப்பட்டு +2 வரை போனால் சட்டையின் மடிப்புகள் அழிந்து வெறும் வெள்ளையாகிவிடும். அழிந்ததைப் பிறகு கணினியில் மீட்கவும் முடியாது.

இதை விளங்கப்படுத்தும் நேரத்தில் பிள்ளைகள் தங்கள் பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். “முகத்தில வெளிச்சம் படேல்லை.” “பட்டது காணாது.” “கூடப் பட்டிட்டுது.” படு என்ற வினை அவர்களுடைய வாயிலேயே இருக்கிறது. ஒளிபடுகை என்று பலகையில் எழுதினால் அவர்களே அதை உடைத்து வசனமாக்கிவிடுகிறார்கள்: ஒளி பட்டது, ஒளி கூடப் பட்டது, ஒளி பட்டது காணாது. ஒரு கலைச்சொல்லிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். பழகுகிறவர் அதைப் பிரித்து, வினையாக்கி, பக்கத்தில் நிற்கிறவரோடு கதைக்கக் கூடியதாக இருக்க வேண்டும். தாளில் மட்டும் வாழும் சொற்கள் எங்களிடம் தேவைக்கு மேலே இருக்கின்றன.

> வயலுக்குத் தண்ணி பாய்ச்சுற மாதிரித்தானே அண்ணை. ‘ஒளிப்பாய்ச்சல்’ எண்டால் எங்கட சனத்துக்கு உடன விளங்கும்.

முத்தையன்கட்டுத் தம்பி, உம்முடைய எண்ணம் எனக்குப் பிடித்திருக்கிறது. வகுப்பில் நான் சொல்வதும் குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசுதான். துருசை அகலத் திறந்து கொஞ்ச நேரம் விட்டாலும், ஒடுக்கமாகத் திறந்து கனநேரம் விட்டாலும் வயலுக்குப் போய்ச் சேரும் தண்ணீர் ஒன்றாக இருக்கலாம். வில்லையின் துளையும் திறப்பு நேரமும் அப்படித்தான். எஃப் 8இல் 1/125, எஃப் 5.6இல் 1/250, எஃப் 4இல் 1/500 என்று எடுத்தால் மூன்றிலும் உணரியில் படும் ஒளி ஒன்றே. எஃப் எண் சிறுக்கச் சிறுக்கத் துளை பெருக்கும் என்பதுதான் பழகுகிறவர்களைத் தடுக்கி விழுத்தும். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் பிரித்து வரும் எண் அது. 50 மில்லிமீற்றர் வில்லையில் 25 மில்லிமீற்றர் துளை என்றால் எஃப் 2, 12.5 மில்லிமீற்றர் துளை என்றால் எஃப் 4. இந்த ஒரு வரிக் கணக்கைப் பிள்ளைகளைக் கொண்டே செய்விக்க வேண்டும், பிறகு மறக்கமாட்டார்கள்.

ஆனால் தம்பி, பாய்ச்சுவது அனுப்புகிறவரின் வேலை. கமரா ஒளியை அனுப்புவதில்லை. ஒளிப்பாய்ச்சல் என்று கேட்டவுடன் பிளாஷ் என்றே நினைப்பார்கள். பிளாஷுக்கு அந்தச் சொல்லை எடுத்து வைப்போம், வீணாகாது.

கனடாவிலிருந்து அக்கா எழுதிய ‘ஒளியேற்பு’, ‘ஒளிப்பேறு’ இரண்டும் இலக்கணப்படி சரியானவை. முதலாவது காதில் ஒளியேற்றல் என்று விழும். மங்கல விளக்கேற்றாமல் எங்களுடைய எந்த நிகழ்ச்சி தொடங்குகிறது, அக்கா? இரண்டாவது பரீட்சைப் பெறுபேற்றையும் மகப்பேற்றையும் கூட்டிக்கொண்டு வரும். ஒளி குறைந்த படத்தைக் ‘குறைப்பேறு’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

> ‘ஒளியளவு’ எல்லாவற்றிலும் எளிது. ஏன் சுற்றி வளைக்க வேண்டும்?

மன்னாரிலிருந்து சேர் எழுதிய இந்தச் சொல்தான் உண்மையான போட்டி. எளிமைதான் வேண்டும் என்றால் இதுவே வெல்லும். ஆனால் அளவு என்றால் எங்கே உள்ள ஒளியின் அளவு? மைதானத்தில் உள்ளதா, உணரியில் பட்டதா, திரையில் தெரிவதா? மூன்றும் வேறு வேறு. அவற்றைப் பிரித்து அறியாதவர் கமராவின் தானியங்கி நிலையை விட்டு வெளியே வரமாட்டார்.

ஒரு வேலையை வைத்துச் சொல்கிறேன். வன்னியில் பல வீடுகளில் 2009க்கு முந்திய படங்கள் இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் அல்பங்கள் போய்விட்டன. மிஞ்சியது சிலரிடம் அடையாள அட்டையில் இருக்கும் முகம், சிலரிடம் வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பியிருந்த ஒரு பிரதி. அதனால் பழைய படத்தைத் திரும்பப் படமெடுக்கப் பழக்கச் சொல்லி வருகிறவர்கள் இங்கே அதிகம். பிளாஷ் போட்டால் பிளாஸ்ரிக் உறையில் ஒளி தெறித்து முகத்தின் நடுவில் வெள்ளையாக விழும். பிளாஷை நிற்பாட்டி, யன்னலோரம் மேசையில் படத்தைத் தட்டையாக வைத்து, ஒளியைப் பக்கத்தால் வரவிட்டு, கமராவை நேர் மேலே நிறுத்த வேண்டும்.

அறைக்குள் ஒளி குறைவு. இப்போது இரண்டு வழி. ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றி 1/60 செக்கனில் கையாலே எடுக்கலாம். அல்லது ஐ.எஸ்.ஓ.வை 100இல் விட்டு, கமராவை முக்காலியில் பூட்டி, பொத்தானை அழுத்தும் கை அசைவு தட்டாதபடி 2 செக்கன் தாமதம் வைத்து, அரைச் செக்கன் திறந்து எடுக்கலாம். இரண்டு படமும் திரையில் ஒரே வெளிச்சமாகத்தான் தெரியும். ஒளியளவு என்று பழகினவர் இரண்டிலும் ஒளியளவு ஒன்று என்பார். பெரிதாக்கிப் பார்த்தால் முதற் படத்தில் கண்ணும் புருவமும் புள்ளி புள்ளியாக உடைந்து கிடக்கும். இரண்டாவதில் மீசை மயிர் வரை தெரியும், பழைய படத்தில் அது இருந்தால். ஏனென்றால் முதலாவதில் உணரியில் பட்ட ஒளி இரண்டாவதில் பட்டதில் ஏறக்குறைய 30இல் ஒரு பங்கு. கமரா அந்தக் கொஞ்சத்தைப் பெருக்கிக் காட்டியது. ஐ.எஸ்.ஓ. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும், பட்ட ஒளியைக் கூட்டாது. ‘ஒளிபடுகை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு இதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. எவ்வளவு பட்டது என்று கேட்டாலே விடை வந்துவிடும். ஒரு தாயிடம் மகனுடைய ஒரேயொரு படம்தான் இருக்கிறது என்றால், அதை எடுக்கிறவருக்கு இந்த வேறுபாடு விளங்கியிருக்கத்தான் வேண்டும், சேர்.

> படுகை என்றால் ஆற்றுப் படுகை அல்லவா?

ஆற்றுப் படுகை போல இரண்டு பெயர்கள் சேர்ந்தால் நடுவில் ப் மிகும். இங்கே ஒளி எழுவாய், படு அதன் வினை. ப் மிகாது. ‘ஒளிபடுகை’ என்று மெல்லச் சொல்லிப் பாருங்கள், ஆறு கிட்டவும் வராது. ‘ஒளிபடல்’ என்று இன்னும் குறுக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது ஒளிப்படம் என்பதற்கு மிகக் கிட்ட நிற்கிறது, எழுதும்போது ஓரிரு எழுத்துத் தவறினால் போச்சு. அதனால் நீளம் கொஞ்சம் கூடினாலும் ‘கை’யோடு இருக்கட்டும்.

மிகை ஒளிபடுகை, குறை ஒளிபடுகை, நீள் ஒளிபடுகை, இரட்டை ஒளிபடுகை எல்லாம் இடறாமல் வருகின்றன. +/− பொத்தானுக்குத்தான் சிக்கல். ‘ஒளிபடுகை ஈடு’ என்று முதலில் வந்த முன்மொழிவை நான் ஏற்கவில்லை. நட்டஈட்டுப் படிவங்களை நிரப்பிக் களைத்த சனத்திடம் ஈடு என்ற சொல்லை ஒரு பொத்தானுக்காகக் கொண்டுபோக வேண்டாம். ‘ஒளிபடுகை கூட்டிக்குறைப்பு’ என்றால் செய்கிற வேலையும் பொத்தானில் உள்ள குறியும் சொல்லிலேயே இருக்கும். வெள்ளைச் சீருடைக்குக் கூட்டு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் இரவில் இருளுக்கு நடுவே தீபம் பிடித்த முகம் என்றால் குறை. இருட்டைக் கண்டு கமரா தானாக ஒளியைக் கூட்டி முகத்தை வெளிறப் பண்ணிவிடும்.

புதிதாகப் பழக வருகிறவர்களுக்கான ஒரு பக்கத் தாளில் இந்தச் சொற்களைப் போட இருக்கிறேன். மறுப்பு உள்ளவர்கள் அது அச்சுக்குப் போக முன்னர் எழுதுங்கள். எழுதும்போது மாற்றுச் சொல்லையும், அதை வைத்துச் சீருடைப் படம் ஏன் இருண்டது என்று ஒரு பிள்ளைக்குச் சொல்லக் கூடிய ஒரு வசனத்தையும் சேர்த்து எழுதுங்கள். புல ஆழம், அதாவது படத்தில் எந்தத் தூரம் முதல் எந்தத் தூரம் வரை தெளிவாக விழும் என்பது, பற்றிய கேள்வியை இதற்குள் கலக்காமல் ரீச்சர் தனி மடலாகத் தொடங்கினால் நல்லது. அதில் ‘புலம்’ என்ற சொல்லே எனக்கு ஒத்துவரவில்லை, அங்கே எழுதுகிறேன்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து