மறுமொழி: சங்கிலி ரம்பச் சொற்கள் – "எத்தனை பல்?" என்று கேட்டால் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

மரம் அறுப்பவர்களுக்கான கையேட்டில் சங்கிலி ரம்ப உறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களுக்குத் தமிழ் தரும் சொற்பட்டியல் பற்றி நேற்று வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். தனித்தனியே பதில் போட்டால் இழை சிக்கலாகிவிடும் என்பதால் ஒரே மடலாக எழுதுகிறேன்.

> டிரைவ் லிங்க் என்பதற்கு "இயக்குபல்" போதும். சுருக்கமானது, பொருளும் விளங்குகிறது.

ஐயா, சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதை ஏற்க முடியவில்லை. கடையில் நின்று சங்கிலி வாங்குகிறவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 18 அங்குல ரம்பம் ஒன்றின் சங்கிலியில் 72 டிரைவ் லிங்க், அதாவது இஞ்சினின் இழுப்பை வாங்கிச் சங்கிலியை ஓட்டும் துண்டுகள், இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே சங்கிலியில் மரத்தை அறுக்கும் பற்கள் 36தான்; இடப்பக்கம் 18, வலப்பக்கம் 18. இஞ்சினோடு சுழன்று சங்கிலியை இழுக்கும் பல்லுள்ள சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் 7 பல். "எத்தனை பல் வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்டால் 72, 36, 7 மூன்றுமே சரியான விடைகள். வீடு போய்ச் சேர்வது எந்தச் சங்கிலி என்று யாருக்குத் தெரியும்? அங்குலத்தை மட்டும் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஒரு நிறுவனத்தின் 18 அங்குல ரம்பத்துக்கு 72 கேட்கும்; இன்னொன்றின் 18 அங்குலத்துக்கு 74 கேட்கும்.

எனவே "பல்" என்ற சொல் இந்த உறுப்புக்கு வேண்டாம். சங்கிலியின் ஒவ்வொரு துண்டுக்கும் "கண்ணி" என்ற பெயர் நம்மிடம் பழையதாகவே இருக்கிறது. இந்தக் கண்ணிக்குக் கீழே ஒரு நாக்கு தொங்குகிறது. சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகட்டின் பள்ளத்துக்குள் ஓடுவது அந்த நாக்கு. ஸ்ப்ராக்கெட் பிடித்து இழுப்பதும் அதைத்தான். எண்ணெயை வழி நெடுகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அதுவே. மணிக்குள் தொங்குவதை நா என்கிறோம் அல்லவா? அப்படி இதை நாக்கண்ணி என்று சொல்லலாம். அட்டைப் பெட்டியின் மேல் "72 நாக்கண்ணி" என்று அச்சிட்டிருந்தால் வேறு எதையும் எண்ண வாய்ப்பில்லை.

> பார் என்பதற்கு "பட்டை". இலங்கை வழக்கில் "அலகு" என்றும் சொல்லலாம்.

பார் என்பது நான் மேலே சொன்ன நீண்ட தகடு. யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன "அலகு" எனக்கு மிகவும் பிடித்த சொல். வாளின் அலகு, கத்தியின் அலகு என்று காலங்காலமாக வழங்குவது. ஆனால் நம் கையேட்டின் பாதிப் பக்கங்கள் அளவு அட்டவணைகள். அங்கே "அலகு" என்றால் மில்லிமீட்டரா, அங்குலமா என்றுதான் வாசகர் பார்ப்பார். "பட்டை" இன்னும் ஆபத்து. மரத்தைப் பற்றிய புத்தகத்தில் பட்டை என்றால் மரப்பட்டைதான். "பட்டையில் படிந்த மண் சங்கிலியை மழுக்கும்" என்ற வரியை எழுதிப் பாருங்கள், குழப்பம் புரியும். சங்கிலிக்கு வழிகாட்டுவது என்பதால் வழித்தகடு என்று வைக்கலாம். அதன் நுனியில் சுழலும் சிறு சக்கரத்துக்கு மூக்குச் சக்கரம்.

இனி எனக்கு நெருக்கமான சொல், கேஜ். சங்கிலியின் நாக்கும் தகட்டின் பள்ளமும் பொருந்துவதற்கான அளவு அது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது. அதன் பிறகு டெல்டா முழுக்கச் சாய்ந்து கிடந்த தென்னைகளை அறுத்து அப்புறப்படுத்திய நாட்களில் நானும் உறவினர் தோப்பில் ரம்பம் பிடித்தேன். சங்கிலி தேய்ந்ததும் புதிது வாங்கி வந்தேன். பிட்ச் (ஆணிகளின் இடைவெளி அளவு, கீழே சொல்கிறேன்) சரி, நாக்கண்ணி எண்ணிக்கை 72, அதுவும் சரி. மாட்டினேன், ஓடியது. ஆனால் அறுப்பு நேராக இறங்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கமாகவே வளைந்து போய்த் தகடு சிக்கிக்கொண்டது. அரத்தால் தீட்டியதில்தான் கோளாறு என்று எண்ணி இரண்டு நாள் தீட்டிக்கொண்டே இருந்தேன். உண்மையில் தகட்டின் பள்ளம் 0.058 அங்குலம், கடையில் கொடுத்த சங்கிலி 0.050. வேறுபாடு வெறும் 0.2 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் சங்கிலி சாய்ந்து சாய்ந்து ஓடிப் பள்ளத்தின் விளிம்பையும் தின்றுவிட்டது. நேர்மாறாக இருந்திருந்தால், அதாவது 0.058 சங்கிலியை 0.050 பள்ளத்தில் போட முயன்றிருந்தால், உள்ளேயே இறங்கியிருக்காது. தவறும் அப்போதே தெரிந்திருக்கும். மெல்லிய சங்கிலிதான் ஓசையில்லாமல் ஏமாற்றுகிறது.

இதற்குத் "தடிமன்" என்று பட்டியலில் இருக்கிறது. நாக்கின் தடிமனும் பள்ளத்தின் அகலமும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதுதான் கேஜ் என்ற சொல்லின் உயிர். "தடிமன்" சங்கிலியை மட்டும் சொல்கிறது, தகட்டை மறந்துவிடுகிறது. தச்சர்கள் மரத்தில் எடுக்கும் பள்ளத்தைக் "காடி" என்பார்கள். அதையே எடுத்து காடியளவு என்று வைப்போம். சங்கிலிக்கும் அதே பெயர், தகட்டுக்கும் அதே பெயர். "காடியளவு 1.5" என்று இரண்டிலும் இருந்தால் பொருந்தும், இல்லாவிட்டால் வாங்கக் கூடாது.

> பிட்ச்: பள்ளி இயற்பியலில் "புரியிடைத் தூரம்" இருக்கிறதே?

அது திருகுக்கு உரியது, அம்மா. இங்கே புரி எதுவும் இல்லை. "கண்ணி நீளம்" என்பதும் சரிப்படாது. நாக்கண்ணியில் உள்ள இரண்டு ஆணிகளின் இடைவெளியும் அதையடுத்த இணைப்புக் கண்ணியின் இடைவெளியும் சமமாக இருப்பதில்லை. அதனால்தான் அடுத்தடுத்த மூன்று ஆணிகளை எடுத்து, முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தை அளந்து, பாதியாக்கிச் சொல்கிறார்கள். 0.325, 3/8, 0.404 அங்குலம் எல்லாம் அந்தப் பாதிகளே. ஆணியிடை என்பது என் பரிந்துரை. ஆனால் வரையறையில் "மூன்று ஆணியில் பாதி" என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் கணக்கே பிழையாகும். 0.325 அங்குலம் என்பது 8.255 மில்லிமீட்டர். ஸ்ப்ராக்கெட்டின் ஒரு பல் ஒரு நாக்கண்ணியை இழுக்கிறது. ஒரு நாக்கண்ணியிலிருந்து அடுத்ததற்கு இரண்டு ஆணியிடை. ஆக, 7 பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்று சுற்றினால் சங்கிலி நகர்வது 115.6 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் நொடிக்கு 17.3 மீட்டர். இரண்டால் பெருக்க மறந்தவர் வேகத்தைப் பாதியாகக் கணக்கிட்டு, 8 பல் ஸ்ப்ராக்கெட்டுக்கு மாறிவிடுவார். வேகம் ஏழில் ஒரு பங்கு கூடும். இழுவிசை எட்டில் ஒரு பங்கு குறையும். சிறிய இஞ்சின் கெட்டி மரத்துக்குள் திணறி நின்றுவிடும்.

ஆணியிடை மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்: சங்கிலி, ஸ்ப்ராக்கெட், மூக்குச் சக்கரம். மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஸ்ப்ராக்கெட்டுக்குப் புதுச்சொல் வேண்டுமா? என் கருத்து, வேண்டாம். இருசக்கர வண்டி வைத்திருக்கும் எல்லோரும் "செயின் ஸ்ப்ராக்கெட்" மாற்றியவர்கள்தாம். "பற்சக்கரம்" என்றால் கியருக்குள் போய்விடுவார்கள். தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் புதுச் சங்கிலி போட்டால் சங்கிலியும் சேர்ந்து கெடும், இரண்டு சங்கிலிக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் மாற்றுங்கள் என்ற அறிவுரை பழகிய சொல்லிலேயே அவர்களைச் சென்றடையட்டும்.

அறுக்கும் பல்லுக்கு "வெட்டுப்பல்" என்று இருப்பதை மாற்றக் கோருகிறேன். உடற்கூற்றுப் பாடத்தில் அது முன்வாய்ப் பல். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பழைய சங்கிலிகளில் கைரம்பத்தின் பற்களைப் போன்ற கீறும் பற்களே இருந்தன. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், வண்டுப்புழு ஒன்று தன் இரு தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் குடைந்து போவதைப் பார்த்தார். அதைப் பின்பற்றி அவர் அமைத்த சங்கிலிதான் 1947இல் போர்ட்லண்டில் விற்பனைக்கு வந்தது. இன்றைய பல் அந்த வழியில் வந்தது. இழைப்புளியைப் போல மரத்தைச் சீவி எடுக்கிறது. ஆகவே சீவுபல். நல்ல சங்கிலியிலிருந்து சீவல் விழும், மழுங்கியதிலிருந்து தூள் விழும் என்பதை விளக்கவும் இந்தச் சொல் உதவும்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குச் சொல் அமையவில்லை. 3/8 ஆணியிடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று உயரம் குறைந்தது, சிறிய ரம்பங்களுக்கானது. அதன் சீவுபல்லை 4 மில்லிமீட்டர் அரத்தால் தீட்ட வேண்டும். மற்றது பெரியது, 5.5 மில்லிமீட்டர் அரம் கேட்பது. இரண்டின் பெட்டியிலும் 3/8 என்றே இருக்கும், ஆனால் ஒன்றின் ஸ்ப்ராக்கெட் மற்றதற்குப் பொருந்தாது. "தாழ் சங்கிலி" என்று எழுதிப் பார்த்தேன். தரம் தாழ்ந்தது என்று வாசகர் நினைத்துவிடுவாரோ என்று தயங்குகிறேன். "குறுஞ்சங்கிலி" நீளத்தைக் குறிக்கிறது. பட்டியலில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். தச்சு வேலை தெரிந்தவர்கள் யாரேனும் எழுதுங்கள்.