"விசராக் கிடக்கு" எண்டா என்ன?

கொக்குவில் அம்மா:

மகனுக்கு 15 வயசு, இந்த வருசம் ஓஎல். போன கிழமை ரியூசனால வந்தவன் சைக்கிளை மதிலோட சாத்திப்போட்டு, புத்தகப் பையை விறாந்தையில எறிஞ்சான். கேட்டா ஒரே சொல்லுத்தான்: "விசராக் கிடக்கு." பசிச்சாலும் விசர், கரண்ட் போனாலும் விசர், சிநேகிதன் கதைக்காட்டியும் விசர். வழமையா "உன்னைவிட எனக்கு விசர்" எண்டு நானும் பேசிப்போடுவன். அண்டைக்குக் கை முழுக்கப் பிட்டு மா, எழும்ப ஏலாது. இருந்த இடத்திலயே கேட்டன்: "என்ன விசர் தம்பி? கோவமோ, பயமோ, வெக்கமோ?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. செம்பில தண்ணி வார்த்துக் குடிச்சான். "வெக்கம்" எண்டான். கணக்குச் சோதினைப் புள்ளியை எல்லாருக்கும் முன்னால வாசிச்சிருக்கினம். 34. சொல்லி முடிச்ச கையோட "சம்பல் இருக்கோ?" எண்டு கேட்டான்.

பிறகுதான் வாசிச்சன். மத்தியூ லீபர்மன் எண்ட அமெரிக்க உளவியலாளரின்ர ஆய்வு, 2007இல வந்தது. கோவமான, பயந்த முகங்களின்ர படத்தைக் காட்டி அந்த உணர்ச்சிக்குப் பேர் சொல்லச் சொன்னா, மூளையில பயத்துக்குத் துள்ளுற அமிக்டலா கொஞ்சம் அடங்குதாம்.

பிழையும் விட்டனான். அடுத்த நாள் தொடக்கம் மணிக்கொருக்கா "இப்ப என்ன உணர்ச்சி?" எண்டு கேட்டுக்கொண்டு திரிஞ்சன். "இப்ப வாற விசர் உங்களாலதான் அம்மா" எண்டிட்டான்.

வடமராட்சி ரீச்சர்:

அக்கா, அந்தப் பிழையை நான் ஒரு வகுப்புக்கே செய்தனான். முதல் பாடத்துக்கு முன்னம் கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கோ எண்டு 5 நிமிசம். அரைவாசிப் பேர் நித்திரை. அதுகளில குற்றமில்லை: விடியவும் ரியூசன், பின்னேரமும் ரியூசன். 13 தொடக்கம் 18 வயசுக்கு 8 - 10 மணித்தியால நித்திரை வேணும். என்ர வகுப்பில அப்பிடி ஒரு பிள்ளையைத் தேடித்தான் பிடிக்கவேணும். பிரித்தானியாவில 80க்கு மேற்பட்ட பள்ளிக்கூடத்தில 8,000க்கு மேற்பட்ட பிள்ளையளை வைச்சு ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2022இல வந்தது. மைண்ட்ஃபுல்னஸ், அதுதான் மூச்சையும் மனசையும் கவனிக்கிற பயிற்சி, படிச்ச பிள்ளையளுக்கும் வழமையான பாடம் படிச்ச பிள்ளையளுக்கும் பெரிய வித்தியாசமில்லை. எனக்கு அது புதினமாத் தெரியேல்லை.

ஒரு பிள்ளை மட்டும் கிட்ட வந்து, "ரீச்சர், கண்ணை மூடினாத்தான் எனக்குக் கூடப் பயம்" எண்டாள். ஏனெண்டு நான் கேக்கேல்லை. வெளியில நிக்கிற வேம்பைப் பாக்கச் சொன்னன். இப்ப விரும்பினவை வேம்பைப் பாக்கினம், மிச்சப்பேர் மேசையில தலையை வைச்சுப் படுக்கினம். அதிபர் வந்தா மட்டும் எழும்புவினம்.

திருநெல்வேலி அப்பா:

இந்த மூளைக் கதையள் எனக்கு விளங்காது. மகளுக்கு 16. வீட்டில முன்னுக்கு இருத்திக் கேட்டா "ஒண்டுமில்லையப்பா." பண்ணைக் கடற்கரைப் பக்கம் மோட்டச் சைக்கிளில போகேக்க, கடல் காத்துக்குள்ள, பின்னால இருந்து தானாக் கதைப்பாள். ஒருநாள் சிநேகிதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வரேக்க குரல் தழுதழுத்துது. நான் திரும்பப் பாத்தன்.

"றோட்டைப் பாருங்கோ அப்பா. சொல்லுறன்தானே."

வழமையாத் திருப்புற இடத்தில அண்டைக்குத் திருப்பேல்லை. மண்டைதீவுச் சந்தி வரைக்கும் போனம்.