பத்து மாதக் குழந்தையைப் பெரிய கார் சீட்டுக்கு மாற்றும்போது முன்பக்கம் திருப்பலாமா?

முல்லைக்கொடி:
மகளுக்குப் பத்து மாதம் ஆகிறது, எடை ஒன்பதரை கிலோ. பிறந்தது முதல் கைப்பிடி வைத்த சிறிய கார் சீட்டில் பின்புறம் பார்த்தபடி வருகிறாள். அதில் 13 கிலோ வரை உட்காரலாம் என்று ஒட்டுத்தாளில் இருக்கிறது. ஆனால் கால்கள் வெளியே நீண்டு காரின் முதுகுச் சாய்வில் முட்டுகின்றன. உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் மிச்சம். பெரிய சீட் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. அதை எந்தப் பக்கம் பார்த்துப் பொருத்துவது என்பதில்தான் வீட்டில் தகராறு. ஒன்பது கிலோவைத் தாண்டிவிட்டாள், முன்பக்கம் திருப்பிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவரிடம் எடுத்துவைக்கக் காரணம் வேண்டும். இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லுங்கள்.

நெடுவழி:
உங்கள் கணவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. கார் சீட்டுகளுக்கு ஐ.நா. வகுத்த 44ஆம் விதியில் 9 முதல் 18 கிலோ வரை தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவில் முன்பக்கம் பார்க்கும் சீட்டுகளுக்கு அனுமதி இருந்தது. பல நாடுகளில் ஒரு தலைமுறையே அப்படித்தான் வளர்ந்தது.

என் மூத்தவன் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்தாலே கதறுவான், வாந்தி எடுப்பான். முகம் தெரியாது. அழுகை நின்றால் தூங்கிவிட்டானா, வாந்தி தொண்டையில் அடைத்துக்கொண்டதா என்று தெரியாமல் நெடுஞ்சாலையில் திரும்பித் திரும்பிப் பார்ப்போம். ஓட்டுபவரின் கவனம் சிதறுவதும் ஆபத்துதான். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. முன்பக்கம் திருப்பிய பிறகு அமைதியாக வந்தான். என் வாக்கு உங்கள் கணவருக்கே.

செந்தூரம்:
முல்லைக்கொடி, உங்கள் வீட்டில் இரண்டு கேள்விகளை ஒரே முடிச்சில் போட்டுவிட்டீர்கள். பெரிய சீட்டுக்கு மாற்றுவது ஒரு முடிவு, முன்பக்கம் திருப்புவது வேறொரு முடிவு. முதலாவதற்கு நேரம் வந்துவிட்டது. சிறிய சீட்டில் தலைக்கு மேல் குறைந்தது இரண்டரை சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. உங்கள் மகளுக்கு அது இல்லை. எடையில் இன்னும் மூன்றரை கிலோ இடம் இருந்தாலும் உயரத்தில் அந்தச் சீட் முடிந்துவிட்டது. எந்த வரம்பு முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு.

இரண்டாவதற்கு நேரம் வரவே இல்லை. நெடுவழி எடுத்துக்காட்டும் 44ஆம் விதி பழையது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் அந்த விதிப்படியான சீட்டுகளைக் கடைகளில் புதிதாக விற்க முடியாது. 2013இல் நடைமுறைக்கு வந்த 129ஆம் விதி சீட்டுகளை எடைக்குப் பதில் உயரத்தை வைத்துப் பிரிக்கிறது. 15 மாதம் ஆகும் வரை பின்பக்கம்தான் என்றும் கண்டிப்பாகச் சொல்கிறது. பத்து மாதக் குழந்தையை முன்பக்கம் திருப்ப அதில் வழியே இல்லை.

கணவரிடம் கழுத்தைப் பற்றிச் சொல்லுங்கள். பிறந்த குழந்தையின் உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு தலை. அந்தக் கனத்தைச் சுமக்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழு எலும்பாகவில்லை. துண்டுகளாக இருக்கின்றன, நடுவே குருத்தெலும்பு. அவை ஒன்றாகக் கூட மூன்று முதல் ஆறு வயது வரை ஆகும். இனி ஒரு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நேருக்கு நேர் மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவை மீது சராசரியாகப் புவியீர்ப்பைப் போல் 14 மடங்கு விசை விழும். தலை இரண்டு கிலோ என்றால் அந்தக் கழுத்தை இழுப்பது 28 கிலோ. முன்பக்கம் பார்த்த குழந்தையின் தோளைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பறக்கும். பின்பக்கம் பார்த்த குழந்தையின் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டின் முதுகு ஏந்திய உள்ளங்கை போல ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும்.

கால் முட்டுவதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த வயதுக் குழந்தைகள் காலை மடித்துச் சம்மணமிட்டு உட்காருவார்கள். அது அவர்களுக்கு வலியே இல்லை.

பொன்வண்டு:
நான் ஒன்று கேட்கலாமா? 13 கிலோ வரை இடம் இருக்கும்போது ஏன் இப்போதே மாற்ற வேண்டும்? தூங்கும் குழந்தையை எழுப்பாமல் சீட்டோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வைத்துவிடலாம். அந்த வசதி பெரிய சீட்டில் கிடைக்காதே.

திருகாணி:
பொன்வண்டு, வீட்டுக்குள் கொண்டுபோய் அதிலேயே தூங்கவிடுவதை இன்றே நிறுத்துங்கள். கார் சீட்டின் சாய்வு காரில் பொருத்திய நிலைக்காக அமைத்தது. தரையில் வைத்தால் அந்தச் சாய்வு மாறும். தூங்கும் குழந்தையின் முகவாய் நெஞ்சில் சரிந்து மூச்சுக்குழாயை அழுத்தும். குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். இறங்கியதும் தூக்கிச் சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துங்கள், எழுந்துகொண்டாலும் பரவாயில்லை. 13 கிலோ பற்றிச் செந்தூரம் சொன்னதுதான் பதில். தலை மேலே வந்துவிட்டால் எடை மிச்சமிருந்து பயனில்லை.

நெடுவழி:
15 மாத விதியை ஏற்கிறேன். பத்து மாதத்தில் திருப்பச் சொன்னதை விட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகும் நான்கு வயது வரை பின்பக்கமே பார்க்க வேண்டும் என்று பெற்றோரை அச்சுறுத்துவதை எதிர்க்கிறேன். எங்கு பார்த்தாலும் “ஐந்து மடங்கு பாதுகாப்பு” என்கிறார்கள். அந்த எண் வந்தது 2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்விலிருந்து. அதன் கணக்கை மற்றவர்கள் போட்டுப் பார்த்தபோது அதே விடை வரவில்லை. கடைசியில் அந்த ஆய்வே திரும்பப் பெறப்பட்டது. இது தெரிந்தும் எண்ணை மட்டும் பரப்பிக்கொண்டிருக்கிறார்கள். இன்னொன்று, பின்னாலிருந்து வண்டி மோதினால் என்ன ஆகும்? அப்போது உங்கள் ஏற்பாடு தலைகீழாகிவிடாதா?

செந்தூரம்:
“ஐந்து மடங்கு” பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. என் பதிவில் அந்த எண் இல்லை, யார் சொன்னாலும் நானும் மறுப்பேன். அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களில் எந்தத் திசையில் உட்கார்ந்திருந்தாலும் கடுமையாகக் காயப்பட்டவர்கள் மிகக் குறைவு. ஆகவே வேறுபாட்டைப் புள்ளியியல் முறையில் உறுதிப்படுத்த முடியவில்லை. முன்பக்கமே மேல் என்று அவர்கள் சொல்லவில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018இல் தன் பரிந்துரையைத் திருத்தியபோது “இரண்டு வயது வரை” என்ற வயதுக் கணக்கை நீக்கியது. ஆனால் சீட் அனுமதிக்கும் உயரமோ எடையோ எட்டும்வரை, முடிந்தவரை நீண்ட காலம் பின்பக்கம் என்பதை விடவில்லை. சுவீடனில் பெர்டில் ஆல்ட்மன் 1960களில், விண்வெளி வீரர்களின் இருக்கையைப் பார்த்து முதல் பின்னோக்கிய குழந்தை இருக்கையை வடிவமைத்தார். அங்கே நான்கு வயது வரை அப்படி உட்காருவது இன்றும் சாதாரணம்.

பின்னாலிருந்து மோதுவது நியாயமான கேள்வி. பெரும்பாலும் அந்த விபத்தில் இரண்டு வண்டிகளும் ஒரே திசையில் போகின்றன, அல்லது முன்வண்டி நிற்கிறது. எதிரெதிரே வந்து மோதும்போது இருப்பது போல் இரண்டு வேகமும் கூடுவதில்லை. உயிரைப் பறிக்கும் அளவுக்குக் கடுமையான மோதல்களில் முன்பக்கமும் பக்கவாட்டும்தான் அதிகம். எல்லாத் திசைக்கும் ஒரே அளவு பாதுகாப்பு தரும் ஏற்பாடு கிடையாது. அதிகம் கொல்லும் திசைக்கு முதலில் அரண் கட்டுகிறோம்.

நெடுவழி:
வாந்திக்குப் பதில் சொல்லவில்லையே. ஒவ்வொரு பயணத்திலும் வாந்தி எடுத்து நீர்வற்றும் குழந்தையின் பெற்றோரிடம் ஆல்ட்மனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. இரண்டு வயதில் திருப்பியவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவேன்.

செந்தூரம்:
அப்படிச் சொல்ல மாட்டேன். சாய்வைச் சற்றுக் குறைத்து நிமிர்த்துங்கள், பக்கவாட்டுக் கண்ணாடியின் திரையை எடுத்து வெளியே பார்க்கவிடுங்கள், மருத்துவரையும் கேளுங்கள். அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் இரண்டு வயதில் திருப்புவது வேறு. ஆனால் பத்து மாதத்தில் “கால் முட்டுகிறது” என்று திருப்புவதை என்னால் அதோடு சமமாக வைக்க முடியாது.

திருகாணி:
கார் சீட்டுகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. திசையைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், பொருத்துவதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சரியான திசையில் தளர்ந்து ஆடும் சீட்டுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

முல்லைக்கொடி, சீட்டை வாங்கும் முன் உங்கள் காரில் வைத்துப் பாருங்கள். எல்லாச் சீட்டும் எல்லாக் காருக்கும் பொருந்தாது. பொருத்திய பின், சீட் பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து அசையுங்கள். எந்தப் பக்கமும் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. கார் இருக்கையில் உள்ள உலோக வளையங்களில் மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி, சீட் பெல்ட் இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். கையேடு அனுமதித்தால் தவிர அப்படிச் செய்யாதீர்கள். சிறிய சீட்டுக்குப் பழகிய கைக்கு இன்னொன்று புதிதாக இருக்கும். தோள்பட்டைகளின் உயரம் தானாகச் சரியாகிவிடாது. பின்பக்கம் பார்க்கும்போது பட்டை தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழேயோ வர வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது சமமாகவோ சற்று மேலேயோ வர வேண்டும். என்றாவது திருப்பினால் இதையும் மாற்ற மறக்காதீர்கள். இறுக்கிய பின் தோளருகே பட்டையை விரலால் மடித்துக் கிள்ளிப் பாருங்கள். கிள்ளினால் பிடிபட்டால் அது தளர்வு. தடித்த கம்பளி உடையோடு பூட்டினால் இறுக்கமாகத் தெரியும், மோதும்போது உடை நசுங்கி இடைவெளி விழும். உடையைக் கழற்றிப் பூட்டி, மேலே போர்த்திவிடுங்கள்.

முன் இருக்கையில் ஏர்பேக் இயங்கும் நிலையில் இருந்தால் பின்பக்கம் பார்க்கும் சீட்டை அங்கே வைக்கவே கூடாது. விரியும் பை சீட்டின் முதுகில், குழந்தையின் தலைக்கு நேராக அறையும்.

நெடுவழிக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையின் சீட் முன்பக்கம் பார்ப்பதாக இருந்தால் அதன் உச்சியிலிருந்து காரின் பின்புற வளையத்துக்குப் போகும் மேல்பட்டையைக் கட்டுகிறீர்களா? பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மோதலில் தலை முன்னோக்கிப் பாயும் தூரத்தை அந்தப் பட்டைதான் குறைக்கிறது.

நெடுவழி:
கட்டுகிறேன். சீட்டில் தாங்கு கால் இருந்தால் மேல்பட்டை தேவையில்லை என்கிறார்களே, அது சரியா?

திருகாணி:
சில சீட்டுகள் மேல்பட்டைக்குப் பதில் தரையில் ஊன்றும் காலோடு வரும். அவற்றுக்கு அது போதும். உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். கால் ஊன்றும் இடத்தில் தரைக்கு அடியில் பொருள் வைக்கும் பெட்டி இருந்தால் அங்கே ஊன்ற வேண்டாம், கார் நிறுவனத்தின் கையேடு அனுமதித்தால் மட்டும் செய்யுங்கள்.

முல்லைக்கொடி:
கணவரிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். 15 மாத விதியையும் கழுத்தெலும்பையும் கேட்டதும் பேச்சு முடிந்துவிட்டது. 105 சென்டிமீட்டர் உயரம் வரை பின்பக்கம் பார்க்கும் சீட் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அவருக்கு இப்போது வேறு கவலை. அவர் உயரமானவர், அவருக்குப் பின்னால் அந்தச் சீட்டை வைத்தால் ஸ்டியரிங்கில் முட்டி இடிக்கும் என்கிறார்.

திருகாணி:
ஓட்டுபவருக்குப் பின்னால் வைக்காதீர்கள், அவர் நெருக்கி உட்கார்ந்து ஓட்டுவதும் ஆபத்து. எதிர்ப்பக்கம் வைத்து, அங்குள்ள முன் இருக்கையை நகர்த்திக்கொள்ளுங்கள். பத்து மாதத்தில் தலை நன்றாக நிற்கும், ஆகவே பச்சிளங்குழந்தைக்கு வைத்த அளவு சாய்வும் தேவையில்லை. சாய்வுக் குறியீட்டில் அவள் வயதுக்கு அனுமதித்த அளவுக்கு நிமிர்த்தினால் கணிசமாக இடம் கிடைக்கும். நாளை கடைக்குப் போகும்போது அவரையும் மகளையும் கூட்டிப்போய், இருவரையும் உட்காரவைத்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.