கவர்ல ‘வைட்ஸ்கிரீன்’னு போட்டிருக்கு, டிவில தபால்தலை மாதிரி வருது. என்ன செய்ய?

மாசிவீதிக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைல 2003லருந்து 2011 வரைக்கும் டிவிடி வாடகைக் கடை வச்சிருந்தவன். கடையை மூடும்போது தேறாததை எல்லாம் எடைக்குப் போட்டுட்டு, நல்ல படமா 412 தட்டு மட்டும் பரண்ல ஏத்தினேன். வீட்டுக்காரம்மா அன்னைலருந்து அதைப் ‘புதையல்’னுதான் சொல்லும். மரியாதையா இல்ல.

போன மாசம் மகன் 43 இஞ்ச் டிவி வாங்கி மாட்டினான். சரி, இனி நம்ம சரக்கோட அருமை தெரியும்னு கடைல தட்டு செக் பண்ண வச்சிருந்த பழைய பிளேயரை எடுத்து, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரைச் சொருகி ஒரு ஸ்கோப் படத்தை, அதான் ரொம்ப அகலமா எடுத்த படத்தை, போட்டேன். திரைக்கு நட்டநடுவுல ஒரு பெட்டி, அதுக்குள்ள படம், நாலு பக்கமும் கருப்பு. நம்பிக்கை இல்லாம டேப் வச்சு அளந்தேன். டிவி கண்ணாடி அகலம் முப்பத்தேழரை இஞ்ச், உயரம் 21. படம் அகலம் 28, உயரம் 12. திரையில பாதிகூட இல்ல. காசு குடுத்து வாங்குன டிவில பாதிக்கு மேல சும்மா கிடக்கு.

மகன் ரிமோட்டை வாங்கி என்னமோ அமுக்கினான். பக்கத்துக் கருப்பு போச்சு. ஆனா கதாநாயகி முகம் பூரி மாதிரி உப்பிப் போச்சு. “நிறையுதுல்ல, பாருங்கப்பா”ங்கிறான். எப்படிப் பாக்கிறது?

இத்தனைக்கும் அந்தக் கவர் முதுகுல ‘வைட்ஸ்கிரீன் 16:9’னு (அகலம் 16க்கு உயரம் 9) கொட்டை எழுத்துல அடிச்சிருக்கு. கவர்ல அடிக்கிறதெல்லாம் சத்தியமான்னு கேக்காதீங்க, எட்டு வருசம் அதைப் பாத்துத்தான் வித்தேன். ‘5.1’னு போட்டு ரெண்டே ஸ்பீக்கர்ல சத்தம் வந்த தட்டு எத்தனையோ. ஓடும் நேரம் 160 நிமிசம்னு போட்டு, ரெண்டு பாட்டைத் தூக்கிட்டு 148ல முடிஞ்ச தட்டு உண்டு. படம் முழுக்க மூலையில கம்பெனி முத்திரை, சோகக் காட்சில கீழ போன் நம்பர் ஓடும்.

இன்னொரு வயித்தெரிச்சல், கவர். பரண்லருந்து இறக்கிப் பாத்தா 30க்கு மேல தட்டுல நடு ஓட்டையைச் சுத்தி மயிரிழை மாதிரி விரிசல். கீறல் விழுந்தா பேஸ்ட் தேச்சு ஓட்டுவோம், அது தொழில் ரகசியம். இந்த விரிசலுக்கு என்ன தேய்க்க? தட்டைப் பிடிக்கிற நடுப் பல்லு அவ்வளவு இறுக்கமான டப்பா. எடுக்கிறவன் ஓரத்தைப் பிடிச்சு அப்பளம் மாதிரி வளைச்சுத்தான் எடுப்பான்.

ரெண்டு கேள்வி. ஒன்னு, முகம் உப்பாம படத்தைப் பெருசாக்க வழி உண்டா? ரெண்டு, மிச்சத் தட்டையாவது எதுல வச்சுக் காப்பாத்த?

கறுப்புப்பட்டை:

அண்ணே, கவரைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. தட்டை வெளிய எடுத்துட்டு பிளேயர் ரிமோட்ல ‘செட்டப்’ அமுக்குங்க. ‘டிவி டிஸ்ப்ளே’ன்னோ ‘டிவி ஷேப்’னோ ஒன்னு இருக்கும். அதுல 4:3 எல்பி, 4:3 பிஎஸ் (ரெண்டும் குண்டு டிவிக்கு), 16:9 (அகல டிவிக்கு)னு மூணு வரும். குண்டு டிவி காலத்துப் பிளேயர்னா அது 4:3லயே கிடக்கும். அப்படிக் கிடந்தா நல்ல தட்டைக்கூட அதுவே சுருக்கி, மேல கீழ கருப்பு சேர்த்து அனுப்பும். டிவி தன் பங்குக்கு ரெண்டு பக்கமும் கருப்பு போடும். 16:9க்கு மாத்திட்டு எல்லாத் தட்டையும் மறுபடி போட்டுப் பாருங்க.

அதுக்கப்புறமும் பெட்டியாவே வந்தா, தட்டுலயே அப்படித்தான் அடிச்சிருக்கான்னு அர்த்தம். டிவிடில படத்துக்கு மொத்தம் 480 கோடு (நம்ம ஊர்த் தட்டு நிறைய என்டிஎஸ்சிங்கிற அமெரிக்க டிவி முறைதான், வெளிநாட்டுல விக்கணும்ல). ஸ்கோப் படத்தை ஒழுங்கா அகலத்தை அமுக்கி ஏத்துனா அதுல 363 கோடு படத்துக்குக் கிடைக்கும். சோம்பேறித்தனமா கருப்போட சேத்து ஏத்துனா 272தான். மிச்சம் 208 கோடும் கருப்பைப் பதிஞ்சு வச்சிருக்கும்.

அந்த மாதிரித் தட்டுக்கு டிவில ‘ஜூம்’னு இருக்கிறதைப் போடுங்க. ‘ஸ்ட்ரெச்’, ‘வைட்’, ‘ஃபுல்’ எதையும் தொடாதீங்க, பூரி சுடுறது அதுங்கதான். ஜூம்ல 28 இஞ்ச் அகலம் முப்பத்தேழரை ஆகும், 12 உயரம் 16 ஆகும். முகம் முகமாவே இருக்கும். கொஞ்சம் மங்கலாத் தெரியும், அதுக்கு மருந்து இல்ல.

ஆபரேட்டர்_தாத்தா:

தம்பி, நான் கும்பகோணம் பக்கம் ரெண்டு தியேட்டர்ல 31 வருசம் ஆபரேட்டர். மேல சொன்ன ‘அமுக்கி ஏத்துறது’ உங்களுக்குப் புதுசா இருக்கலாம், எங்களுக்கு அது தினப்படி சோறு. ஸ்கோப் பிலிம்மை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்திருக்கீங்களா? ஆளெல்லாம் ஒல்லியா, ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான். ஷூட்டிங்லயே லென்ஸ் அகலத்தைப் பாதியா அமுக்கிப் பிடிச்சிடும். மிஷின்ல நாங்க போடுற ஸ்கோப் லென்ஸ் அதை ரெண்டு மடங்கு விரிச்சு வெள்ளித்திரைல போடும். டிவிடிக்காரன் பண்றதும் அதே வித்தைதான், அளவு மட்டும் கம்மி.

விளம்பர ஸ்லைடு, நியூஸ் ரீல் எல்லாம் சாதா லென்ஸ்ல ஓட்டிட்டு, மெயின் படம் ஸ்கோப்னா லென்ஸ் மாத்தணும். ஒரு நாள் டீ குடிக்கப் போன அசதில மாத்தாம விட்டுட்டேன். டைட்டில்ல எழுத்தெல்லாம் நெட்டையா நிக்குது. தரை டிக்கெட்லருந்து “லென்ஸை மாத்துடா”ன்னு விசில். அந்தக் காலத்துல தரை டிக்கெட்காரனுக்குக்கூடத் தெரிஞ்சது, இன்னைக்கு கவர் அடிக்கிறவனுக்குத் தெரியல.

படம் ஸ்கோப்னா ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி மெல்ல விலகும். அந்த ஒரு நிமிசத்துக்கே கை தட்டுவான். தமிழ்ல முதல் சினிமாஸ்கோப் படம் ‘ராஜராஜ சோழன்’, 1973. அதுக்குப் பிறகும் ரொம்ப வருசம் பாதிப் படம் சாதா அளவுலதான் வந்தது.

இதை ஏன் சொல்றேன்னா, உங்க பரண்ல 73க்கு முந்தின தமிழ்ப் படம் எதாவது இருந்து, அது டிவியை முழுசா நிறைச்சு வந்தா சந்தோசப்படாதீங்க. அந்தப் படமெல்லாம் கிட்டத்தட்ட சதுரம், அகலம் 1.37க்கு உயரம் 1. அதை 16:9ஆ ஆக்கணும்னா மேலயும் கீழயும் சேத்து நூத்துக்கு 23 பங்கு வெட்டணும். கொண்டை போகும், பரதநாட்டியத்துல கால் போகும். ஸ்கோப்பாவே மாத்தி மறுபடி ரிலீஸ் பண்றாங்களே, அதுல 42 பங்கு போகுது. ஜனம் ‘பிரம்மாண்டம்’னு பாத்துட்டு வருது. எனக்கு வயிறு எரியுது.

மாசிவீதிக்காரன்:

@கறுப்புப்பட்டை, தம்பி, மன்னிக்கணும், கவரைத் திட்டுனதுல பாதியை வாபஸ் வாங்கிக்கிறேன். செட்டப்ல போய்ப் பாத்தா 4:3 எல்பி. கடை திறந்தப்போ குண்டு டிவிக்கு நானே வச்சது, அப்புறம் தொடவே இல்ல. 16:9க்கு மாத்திட்டு முந்தாநாள்லருந்து உக்காந்து 40 ஸ்கோப் தட்டு போட்டேன். 11 தட்டு அருமையா விரிஞ்சு வருது, மேல கீழ மட்டும் ரெண்டரை ரெண்டரை இஞ்ச் கருப்பு. அந்தப் பதினொன்னையும் அத்தனை வருசமும் வாடிக்கையாளருக்குச் சுருக்கிப் போட்டுக் காமிச்சு, “இதான் சார் பிரிண்ட்டு”ன்னு வித்தவன் நான்.

மிச்சம் 29 பழைய கதைதான். அதுல 19 தட்டுக் கவர்ல 16:9னு அச்சாகியிருக்கு. ஆக மீதிப் பாதித் திட்டு அப்படியே இருக்கட்டும்.

ஜூம் போட்டா படம் சரியா வருது, ஆனா சப்டைட்டில் ரெண்டாவது வரி அறுந்து போகுது. மருமகள் பெங்களூர்ல வளந்த பொண்ணு, வேகமாப் பேசுனா கீழ பாத்துத்தான் புரிஞ்சுக்கும்.

@ஆபரேட்டர்_தாத்தா, ஐயா, நீங்க சொன்ன மாதிரியே ஒரு கறுப்பு வெள்ளைத் தட்டு சிக்குச்சு. குடத்தைத் தலைல வச்சுட்டு வர்ற காட்சி. குடமே இல்ல, கை மட்டும் மேல போகுது.

சும்மா_படிப்பவன்:

தப்பா நினைக்காதீங்க சார். எல்லாப் படமும் போன்லயே வருது, இந்தத் தட்டு, டேப், இஞ்ச் கணக்கெல்லாம் எதுக்கு? எடைக்குப் போட்டா பரணாச்சும் காலியாகும்.

மாசிவீதிக்காரன்:

எங்க வீட்டுக்காரம்மா உங்களுக்கு சொந்தமா?

வருது தம்பி, இல்லைங்கல. போன வாரம் ஒரு எண்பதுகள் ஸ்கோப் படத்தை அப்படித்தான் பாத்தேன். டிவி நிறையணும்னு ரெண்டு பக்கமும் நறுக்கியிருக்கான். ஊஞ்சல்ல ரெண்டு பேர் உக்காந்து பேசுறாங்க, ஒருத்தருக்கு மூக்கும் ஒருத்தருக்குக் காதும்தான் தெரியுது, நடுவுல ஊஞ்சல் சங்கிலி. என் தட்டுல 272 கோடா இருந்தாலும் ரெண்டு பேரும் முழுசா இருக்காங்க. இன்னொன்னு, போன்ல வர்ற படம் இந்த மாசம் இருக்கும், அடுத்த மாசம் தேடுனா இருக்காது. என் பரண்ல இருக்கிறதை யாரும் ராத்திரியோட ராத்திரியா எடுத்துட்டுப் போக முடியாது. எலியைத் தவிர.

ஆனா மூணு படம் ஒரே தட்டுல வந்துச்சே, அதை வேணா எடைக்குப் போடுறேன்.

கறுப்புப்பட்டை:

அதுல தப்பே இல்ல. ரெண்டடுக்குத் தட்டே 8.5 ஜிபிதான். ஏழரை மணி நேரத்தை அதுல திணிச்சா நொடிக்கு ரெண்டரை மெகாபிட் கூடத் தாண்டாது. மழைப் பாட்டு வந்தா படம் கட்டம் கட்டமா உடையும்.

சப்டைட்டிலுக்கு: சில டிவில ஜூம் போட்டபிறகு மேல் கீழ் அம்புக்குறியை அமுக்கினா படமே நகரும். மேல ஏத்திவிடுங்க. மேல கருப்புதானே போகும், போகட்டும்.

ஸ்காபரோ_வாசி:

வணக்கம் அண்ணை. நான் கனடாவிலை, யாழ்ப்பாணத்தாள். என்னட்டைத் தமிழும் இங்கிலிசுமாய் ஆயிரத்துக்குக் கிட்ட இருக்கு. உறை பற்றிச் சொல்ல எனக்கும் கனக்க இருக்கு. இஞ்சை ஆரம்பத்திலை ஒரு பெரிய கொம்பனியின்ரை படமெல்லாம் மட்டைப் பெட்டியிலைதான் வந்தது, ஒரு பக்கத்திலை பிளாஸ்டிக் நாக்கு வைச்சுப் பூட்டுற மாதிரி. ரெண்டு முறை திறந்தால் மட்டை மூலை பிஞ்சு போகும். தகரப் பெட்டி எண்டு கூடக் காசு வாங்குவினம், தபாலிலை வரேக்கையே நசிஞ்சிருக்கும். ஆகவே உங்கடை ஊரை மட்டும் குறை சொல்லாதேங்கோ.

விரிசலுக்கு மருந்தில்லை. டிவிடி எண்டது 0.6 மில்லிமீற்றர் தகடு ரெண்டை ஒட்டினது. வளைச்சால் நடு ஓட்டையிலை இருந்துதான் வெடிக்கும். ஆனால் படம் பதிஞ்ச பகுதி நடுவிலை இருந்து 24 மில்லிமீற்றர் தள்ளித்தான் தொடங்குது. விரிசல் அதுக்கு உள்ளை நிண்டால் இன்னும் ஓடும். அப்பிடி ஓடுறதுகளை இண்டைக்கே கொம்பியூட்டரிலை பிரதி எடுத்து வையுங்கோ, நாளைக்கு எண்டு விடாதேங்கோ. நீட்டு விரிசல் இருந்தால் வேகமாச் சுத்துற டிரைவிலை போடவே வேண்டாம், உள்ளுக்கை சிதறிப்போம்.

இனி எடுக்கேக்கை ஓரத்திலை கை வைக்காமல், நடுப் பல்லை ஒரு விரலாலை அமத்துங்கோ, தட்டு தானாய் மேலை வரும். அமத்தியும் வராத பெட்டி எண்டால் அந்தப் பல்லிலை ரெண்டை நகவெட்டியாலை வெட்டி விடுங்கோ. நான் வெட்டியிருக்கிறன், வெக்கமில்லை. பெட்டி இல்லாததுகளை மெதுவான பிவிசி உறையிலை போடாதேங்கோ, மதுரை வெயிலுக்குத் தட்டோடை ஒட்டிப்போம். உள்ளுக்கை துணி மாதிரி வைச்ச உறை நல்லது. படுக்கப்போட்டு அடுக்காமல் புத்தகம் மாதிரி நிப்பாட்டி வையுங்கோ. பரணிலை வேண்டாம், ஓட்டுக்குக் கீழை சூடு கூட.

கவர்க் கடதாசியை மட்டும் எறியாதேங்கோ. பொய் அச்சடிச்சிருந்தாலும் வைச்சிருங்கோ.

மாசிவீதிக்காரன்:

தங்கச்சி, நகவெட்டி யோசனைக்கு நன்றி. நாலு டப்பாவுக்கு வைத்தியம் பாத்தாச்சு. விரிசல் விட்டதுல 18 தட்டு இன்னும் ஓடுது, மகன் லேப்டாப்ல ஏத்திக்கிட்டிருக்கான். பரண்லருந்து எல்லாம் இறங்கி இப்ப பூஜை ரூம் பக்கத்து அலமாரில நிக்குது. அம்மணிக்கு அதுல வேற வருத்தம்.

அம்புக்குறி அமுக்குனா படம் ஏறுது, கறுப்புப்பட்டை தம்பி. சப்டைட்டில் ரெண்டு வரியும் தெரியுது. மருமகள் நேத்து முழுப்படம் பாத்துச்சு.

இப்ப கவர்லயே பேனா வச்சு எழுதிட்டு வர்றேன்: விரிஞ்சதுக்கு ‘வி’, பெட்டிக்கு ‘பெ’, தலை வெட்டுனதுக்கு ‘கு’, குடம்னு ஞாபகம் வர. ஒரு உதவி மட்டும் வேணும். 14 மில்லிமீட்டர் தடிமன் கறுப்பு டப்பா, பல்லு இளகினது, ஒரு 50 வேணும். இங்க கேட்டா “அதெல்லாம் யாருண்ணே இப்ப வாங்குறா”ங்கிறான்.

ஆபரேட்டர்_தாத்தா:

என் மச்சான் மகன் கடையை மூடுனப்போ விட்டுட்டுப் போனது வீட்டுல மூட்டையாக் கிடக்கு, நூறு தேறும். தூசி தட்டணும். தனிச்செய்தில விலாசம் போடுங்க தம்பி, பார்சல் செலவு மட்டும் உங்களது.