இன்சுலின் பம்ப் அலாரம்: உங்களுக்கு இன்னும் உறுத்தலாக இருப்பது எது?

மதுரை அம்மா

அக்குளூஷன் (அடைப்பு) அலாரம்தான். ராத்திரி ஒன்றரைக்கு அடித்தது. படுக்கும்போது 140, அலாரம் அடித்ததும் விரலில் குத்திப் பார்த்தால் 312. அதாவது பம்ப் கத்துவதற்கு முன்பே சுகர் ஏறி முடித்துவிட்டது. அந்த இடைவெளிதான் உறுத்துகிறது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்சுலின் உடம்புக்குள் போனதா என்பது பம்புக்குத் தெரியாது, டியூபுக்குள் இருக்கும் அழுத்தம்தான் தெரியும். தோலுக்குள் போகும் மெல்லிய குழாயான கேனுலா மடங்கினாலும் மோட்டார் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே ஓரளவு தேங்கினால்தான் அலாரம். அந்த அளவு பம்புக்குப் பம்பு மாறும். 2 யூனிட் என்று வைத்துக்கொண்டால், பேசல் (நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் இன்சுலின்) மணிக்கு 0.4 ஓடும் சின்னப் பிள்ளைக்கு அது தேங்க 5 மணி நேரம் ஆகும். மணிக்கு 1 யூனிட் ஓடும் பெரியவருக்கு 2 மணி நேரம். சாப்பாட்டுக்கு மொத்தமாகக் கொடுக்கும் போலஸ் போடும்போது மட்டும் அடைப்பு உடனே பிடிபடுவது இதனால்தான்.

செட்டை (டியூபும் கேனுலாவும் சேர்ந்தது) கழற்றினால் கேனுலாவின் டெஃப்லான் முனை கொக்கி மாதிரி மடங்கியிருந்தது. செட் மாற்றுவதைப் படுக்கும் நேரத்தில் வைக்கவே கூடாது. காலையிலோ மதியமோ சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றினால், அடுத்து போகும் போலஸிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். 2 மணி நேரம் கழித்து ஒருமுறை சுகர் பார்த்தால் போதும்.

சேலம் டைப்1

அக்கா, அடைப்பாவது என்றைக்காவது கத்துகிறது. கசிவு கத்தவே கத்தாது. கேனுலா வெளியே வந்துவிட்டால் அழுத்தமே ஏறாது, பம்புக்கு எல்லாம் சரி. ஸ்க்ரீனில் ஆக்டிவ் இன்சுலின் (உடம்பில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பது) 3.2 யூனிட் என்று காட்டுகிறது. அந்த 3.2 யூனிட்டும் பனியனில் ஈரமாக இருக்கிறது! பிளாஸ்டரை முகர்ந்தால் ஆஸ்பத்திரி வாடை. இன்சுலின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெட்டாக்ரெசால், ஃபீனால் இரண்டின் வாடை அது. சுகர் காரணமில்லாமல் ஏறினால் நான் முதலில் முகர்ந்து பார்ப்பேன், பிறகுதான் ஸ்க்ரீன்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. போகாத இன்சுலினைப் போனதாகக் கணக்கு வைத்திருப்பதால், கரெக்‌ஷன் (ஏறிய சுகரை இறக்கும் டோஸ்) கேட்டால் பம்ப் அந்த 3.2-ஐக் கழித்துவிட்டு 'போலஸ் வேண்டாம்' என்று சொல்லும். நம்பாதீர்கள். இன்சுலின் பேனாவில் ஊசி போட்டுவிட்டு, புதுச் செட் மாட்டுங்கள். ஆனால் பேனாவில் போட்டது பம்புக்குத் தெரியாது. ஆட்டோ மோடில் (சுகரைப் பார்த்து பம்பே இன்சுலின் கொடுக்கும் முறை) விட்டால் அது தன் பங்குக்கு இன்னும் கொடுத்து, விடியற்காலையில் சுகர் லோ ஆகிவிடும். சுமார் 4 மணி நேரம் மேனுவலில் ஓட்டுங்கள்.

கோவை நர்ஸ்

என்னுடையது சின்ன விஷயம். வெளியூர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு பையனுக்கு 'ரிசர்வாயர் லோ, 20 யூனிட்' என்று அலாரம், அதாவது பம்புக்குள் இன்சுலின் தீரப்போகிறது. பக்கத்து மருந்துக் கடையில் நீட்டியது மில்லிக்கு 40 யூனிட் குப்பி. நல்ல வேளை, லேபிளைப் படித்தோம்.

கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். பம்ப் எல்லாக் கணக்கையும் 1 மில்லிக்கு 100 யூனிட் என்றுதான் போடும். நம் கடைகளில் சாதாரண இன்சுலின் 40 யூனிட் குப்பியாகவும் கிடைக்கும். அதை ஊற்றினால் 10 யூனிட் என்று ஸ்க்ரீன் சொல்லும்போது உள்ளே போவது 4. அலாரம் எதுவும் வராது. அதோடு பம்புக்கு வேண்டியது சீக்கிரம் வேலை செய்யும் லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் வகை. சிரிஞ்சிலும் கவனம்: சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அப்படியே நிரப்பாதீர்கள். சூடேற ஏறக் குமிழி வரும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகு நிரப்பி, ரிசர்வாயரைச் செங்குத்தாகப் பிடித்துத் தட்டி, காற்றை வெளியே தள்ளுங்கள். டியூபில் ஓர் அங்குலக் காற்று நின்றால் கிட்டத்தட்ட அரை யூனிட் போகாது, அதற்கும் அலாரம் இல்லை. டியூபை நிரப்பும்போது அது உடம்பில் மாட்டியிருக்கவே கூடாது. மாட்டிய பிறகு கேனுலாவுக்கு மட்டும் தனியாக. நான் பார்க்கும் செட்களில் 6 மி.மீ.க்கு 0.3, 9 மி.மீ.க்கு 0.5 யூனிட். இந்த ஃபில்லை விட்டுவிட்டால் முதல் ஒரு மணி நேர பேசல் கேனுலாவை நிரப்பவே சரியாகப் போகும்.

சுகர் 250 தாண்டி இறங்காமல் நின்றால் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் சேரும் அமிலம்) பாருங்கள். பம்பில் நீண்ட நேர இன்சுலின் கிடையாது. ஓட்டம் நின்ற சில மணி நேரத்தில் கீட்டோன் ஏற ஆரம்பித்துவிடும். ரத்தக் கீட்டோன் 0.6-க்குக் கீழே என்றால் சரி. 1.5 தாண்டினால் டாக்டருக்கு போன். 3 தாண்டினாலோ, வாந்தி ஆரம்பித்தாலோ நேரே ஆஸ்பத்திரி. பையில் எப்போதும் ஒரு பேனா, ஒரு முழு செட், பேட்டரி, கீட்டோன் ஸ்ட்ரிப். வெயில் காலத்தில் பம்பை வண்டியில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 37 டிகிரிக்கு மேல் சூடான இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

நெல்லைக்காரன்

முதல் பதிவு போட்ட அக்காவுக்கு: ராத்திரி அலாரம் என்றதும் செட்டைப் பிடுங்கப் போகாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு ராத்திரி, தோலில் ஒட்டிச் சுகரைத் தொடர்ந்து பார்க்கும் சென்சார் 52 என்று அலறியது, பம்ப் பேசலையும் நிறுத்திவிட்டது. விரலில் 118! சென்சார் இருந்த கை மேலேயே படுத்திருந்ததுதான் காரணம். அழுத்தத்தில் அந்த இடத்துத் திரவ ஓட்டம் குறைந்து, சென்சார் பொய்யான லோ காட்டும். திரும்பிப் படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். அதற்குள் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டால் காலையில் 260.

இன்னொன்று. ஹை அலர்ட்டை 180-ல் வைத்தால் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் கத்தும். நாலு நாளில் காது பழகிப்போகும், அப்புறம் நிஜ அலாரமும் காதில் ஏறாது. 250-க்கு ஏற்றுங்கள். மிகத் தாழ்ந்த லோ அலாரத்தைப் பல பம்புகளில் அணைக்கவே முடியாது, அதனால் பயமில்லை.

மதுரை அம்மா

தம்பி, விரலில் குத்தித்தான் 312 என்று எழுதியிருக்கிறேன், சென்சாரைப் பார்த்து இல்லை. 250 எனக்கு உடன்பாடில்லை. பகலுக்கு வேண்டுமானால் சரி, பக்கத்தில் யாராவது விழித்திருப்பார்கள். அலர்ட்டை நேரம் பிரித்து வைக்கும் வசதி நிறைய பம்புகளில் இருக்கிறது: பகல் 250, இரவு 10 முதல் காலை 6 வரை 200. செட் மாற்றிய அன்றைக்கு இரவு மட்டும் 180. அன்று வைப்ரேட் வேண்டாம், சத்தத்திலேயே இருக்கட்டும். போர்வைக்குள் கிடக்கும் பம்பின் அதிர்வு, ஃபேன் ஓடும் அறையில் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காது.