ஷிப்ட் நேரம் மாறுவதை 180 பேர் முன்னால் எப்படிச் சொல்வது?

லைன்_2_ஓசூர் கேட்டது:

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை, தகரக் கூரை ஷெட். காலை ஷிப்ட்டில் 180 பேர், அதில் சுமார் 40 பேர் ஒடிசா, பீகார்க்காரர்கள். மாதம் ஒருமுறை வேலை தொடங்கும் முன் 15 நிமிடக் கூட்டம். புதிதாகப் பொறுப்பேற்ற புரொடக்‌ஷன் மேனேஜர் என்பதால் இனி நான்தான் பேச வேண்டும்.

அடுத்த மாதம் அறிவிக்க வேண்டியது: மூன்று ஷிப்ட்டும் அரை மணி தள்ளிப் போகிறது. 6, 2, 10 என்பது 6.30, 2.30, 10.30 ஆகும். பஸ்ஸும் அரை மணி தள்ளி வரும். சம்பளம், ஓ.டி. கணக்கு மாறாது. காரணம், கஸ்டமர் லாரி மதியம் 2 மணிக்கு வருகிறது. அதே நேரத்தில் ஆள் மாறுவதால் லோடிங் நின்றுவிடுகிறது.

ஹெச்.ஆர். 12 ஸ்லைடும் ஒரு பக்க உரையும் கொடுத்திருக்கிறார்கள். உரை இப்படித் தொடங்குகிறது: "நமது நிறுவனத்தின் தொடர் வளர்ச்சியைக் கருத்தில் கொண்டு, பணியாளர்களின் நலனை மேம்படுத்தும் நோக்கில், பணி நேரத்தில் சில மாற்றங்கள் மேற்கொள்ளப்பட உள்ளன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

இங்கே வழக்கம் என்னவென்றால், கூட்டம் முடிந்ததும் சூப்பர்வைசரிடம் போய் "என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்பார்கள். கேள்வி நேரத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. மேடைத் தமிழா, பேச்சுத் தமிழா? காலர் மைக்கா, கைமைக்கா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

சொல்லேர் எழுதியது:

அந்த வாக்கியத்தில் 19 சொற்கள் இருக்கின்றன. மணி எத்தனை என்பது மட்டும் இல்லை.

எந்தத் தமிழ் என்று முடிவு செய்யும் முன் வேறொன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில் வரும். நடந்ததா நடக்கப்போவதா, உண்டா இல்லையா, செய்வது யார், எல்லாம் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. பேசுகிறவருக்கு மூச்சு தீர்வதும் குரல் இறங்குவதும் அதே இடத்தில். "உங்க ஓ.டி.யைக் குறைக்க மாட்டோம்" என்று நீங்கள் சொல்வீர்கள், கடைசி வரிசைக்குப் போய்ச் சேர்வது "உங்க ஓ.டி.யைக் குறைக்க". பாதி வதந்தி இப்படித்தான் பிறக்கிறது, யாரும் கிளப்பிவிட வேண்டியதில்லை.

இதற்குச் செய்ய வேண்டியவை: ஒரு வாக்கியத்துக்கு ஆறு முதல் எட்டுச் சொல், அதற்கு மேல் போனால் உடைத்துவிடுங்கள். மூச்சை வாக்கியத்தின் நடுவில் இழுக்காமல் தொடங்கும் முன்பே இழுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொல்லை முதல் சொல்லின் அதே சத்தத்தில் முடியுங்கள். கத்த வேண்டாம், இறங்கவிடாமல் பிடித்தால் போதும். "இல்லை", "மாட்டோம்", "படாது" என்று முடிகிற முக்கியச் செய்தியை உடன்பாடாகத் திருப்புங்கள். "ஓ.டி. குறைக்கப்படாது" என்பதை விட "ஓ.டி. இப்போ எப்படியோ அப்படியே" பாதுகாப்பானது. அதில் எந்தத் துண்டு காதில் விழுந்தாலும் பொருள் தலைகீழாகாது.

அடுத்தது நாம், நாங்கள். கேட்கிறவரைச் சேர்த்துச் சொல்வது ஒன்று, விட்டுச் சொல்வது இன்னொன்று. இந்த வசதி ஆங்கிலத்தில் கிடையாது, அதனால் ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கிய உரைகளில் இது எப்போதும் குளறுபடியாகும். ஹெச்.ஆர். வாக்கியம் "நமது" என்று தோளில் கை போட்டுத் தொடங்கி, "தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எதிரே நின்று அறிவிப்புப் படிக்கிறது. விதி எளிது. முடிவு எடுத்தது நிர்வாகம் என்றால் "நாங்க முடிவு பண்ணியிருக்கோம்". சேர்ந்து செய்யப்போகும் வேலை என்றால் "நாம". தவறு உங்களுடையது என்றால் "நான்". தவற்றைப் பங்கு போட "நாம" வந்தால் எதிரே நிற்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: பேச்சுத் தமிழ்தான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஓசூர்ப் பக்கம் நிறைய. வட மாநிலத்தவர் கற்றுக்கொண்டிருக்கும் தமிழும் லைனில் காதில் விழுந்த பேச்சுத் தமிழ்தான். "மேற்கொள்ளப்பட" அவர்களுக்கு எட்டாது. "மாதமோ சித்திரை, நேரமோ பத்தரை" என்று அண்ணா பேசியதாகச் சொல்வார்கள். அந்த அடுக்குமொழி கேட்பதற்கென்றே காத்திருந்த கூட்டத்துக்கு உரியது. உங்கள் எதிரே நிற்பவர் பஞ்ச் வைத்துவிட்டு லைனுக்குப் போகக் காத்திருக்கிறார். அதற்காக இல்லாத வட்டார வழக்கையும் வரவழைக்காதீர்கள், நடிப்பு என்று தெரிந்துவிடும்.

"மதிப்பிற்குரிய" என்று ஒவ்வொரு அதிகாரியையும் விளிக்கும் வரிசையைத் தூக்கிவிடுங்கள். வணக்கம் என்ற ஒரே சொல், இரண்டு நொடி இடைவெளி, உடனே செய்தி. முதல் அரை நிமிடத்தில் மணி, தேதி, பஸ், சம்பளம் நான்கும் வந்துவிட வேண்டும். காரணம் அதற்கப்புறம். தனக்கு என்ன ஆகும் என்று தெரியும் வரை யாரும் காரணத்தைக் காதில் வாங்க மாட்டார்கள்.

---

ஒலிபெருக்கி எழுதியது:

சொல்லேர் சொன்ன வால் வெட்டுப்படுற விஷயத்துக்கு ஷெட்டும் ஒரு காரணம்ங்க. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எதிர்ச் சுவர் 30 மீட்டர்ல இருந்தா போய்த் திரும்ப 60 மீட்டர், அதாவது 0.17 நொடி. வேகமாப் பேசுறவங்க ஒரு நொடிக்கு அஞ்சாறு அசை பேசுவாங்க. அப்போ ஒவ்வொரு அசையோட எதிரொலியும் சரியா அடுத்த அசை மேல வந்து உட்காரும். சத்தத்தைக் கூட்டினா எதிரொலியும் சேர்ந்து கூடுமே தவிர தெளிவு கூடாது. வேகத்தைக் குறைக்கணும், வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு நொடி விடணும்.

மைக் இல்லாமலே சமாளிக்கலாம்னு நினைக்காதீங்க. சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர்ல சுமார் 60 டெசிபல். திறந்த வெளியில தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். 8 மீட்டர்ல 42தான். பக்கத்துல கம்ப்ரசரோ எக்ஸாஸ்ட் ஃபேனோ ஓடினா அது முழுசா மூழ்கிடும். மெயின்டனன்ஸ்ல சொல்லி கூட்டம் நடக்குற அந்தப் பதினஞ்சு நிமிஷம் எதை நிறுத்த முடியும்னு முதல் நாளே கேட்டு வைங்க. ஏர் கன் சத்தத்தை மறந்துடாதீங்க, கூட்டம் நடக்கும்போது மூலையில ஒருத்தர் அதால உலோகத் துகளை ஊதிக்கிட்டே இருப்பார்.

கைமைக்தான். காலர் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும், வால்யூமை ஏத்தணும், ஏத்தினா கூவும். கைமைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்துல, தாடை உயரத்துல, கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. நேரா வாய்க்கு முன்னாடி வச்சா "பஸ்", "பத்தரை"ன்னு சொல்ற ப எல்லாம் வெடிக்கும். வலையைக் கையால மூடிப் பிடிக்கிறது பாட்டுக் கச்சேரி ஸ்டைல். மூடினா பின்பக்கச் சத்தத்தைத் தள்ளிவிடுற அமைப்பு வேலை செய்யாது, கூவ ஆரம்பிச்சுடும். தலையைத் திருப்பினா மைக்கும் கூடவே திரும்பணும். பேட்டரி அன்னைக்குக் காலையில புதுசு. தட்டியோ ஊதியோ சோதிக்காதீங்க, முதல் வாக்கியத்தைச் சொல்லியே சோதிங்க.

ஸ்பீக்கர் பாக்ஸ் உங்களுக்கு முன்னாடி இருக்கணும், பின்னாடியோ பக்கத்துலயோ இருந்தா அதே சத்தம் மைக்ல திரும்ப ஏறும். ஒரே மூலையில பெரிய பாக்ஸ் ஒன்னு வைக்கிறதைவிட, ஆளுங்களுக்குப் பக்கத்துல சின்னது ரெண்டு வச்சு வால்யூமைக் குறைங்க. ஆட்களை நீள வரிசையா நிறுத்தாம ப வடிவத்துல நிறுத்துங்க. நீங்க ஒன்னரை அடி உயரத்துல ஏதாவது உறுதியான மேடை மேல நில்லுங்க. முகம் தெரிஞ்சா சொல் பாதி தானா புரியும். வெளிச்சம் உங்க முகத்துல விழணும். ரோலிங் ஷட்டரை முதுகுக்குப் பின்னாடி திறந்து வச்சுக்கிட்டு நின்னா வெறும் நிழல்தான் தெரியும்.

40 பேருக்கு இந்தி வேணும்னா வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கணும், நேரம் இரண்டு மடங்கு ஆகும். அதனால உங்க பேச்சு 4 நிமிஷம் தாண்டக் கூடாது. மொழிபெயர்க்கிறவர் கையில முதல் நாளே தாள் போயிடணும்.

---

பழைய_ஐ.ஆர். எழுதியது:

பேச்சைப் பற்றி மேலே இருவரும் சொல்லிவிட்டார்கள். பேச்சுக்கு முன்னும் பின்னும் உள்ளதைச் சொல்கிறேன்.

ஷிப்ட் மாற்றம் பணி நிபந்தனை மாற்றமாகக் கணக்கில் வரலாம். அப்படியானால் சட்டப்படி 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நோட்டீஸ் போய்விட்டதா, சங்கத்திடமோ ஒர்க்ஸ் கமிட்டியிடமோ (நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்த குழு) பேசியாயிற்றா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிட்டு மேடை ஏறுங்கள். சங்கத் தலைவர் கூட்டத்தோடு கூட்டமாக நின்று முதல் முறையாகக் கேட்கும் நிலை வந்தால், எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அன்றைய கூட்டம் உங்கள் கையில் இருக்காது.

இரண்டாவது, சூப்பர்வைசர்கள். "என்னண்ணே சொன்னாங்க?" என்று கேட்பதைக் குறையாகப் பார்க்காதீர்கள், அது நடக்கத்தான் செய்யும். அந்த அண்ணன் என்ன பதில் சொல்வார் என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். முதல் நாள் மாலை எல்லாச் சூப்பர்வைசர்களையும் 20 நிமிடம் உட்காரவையுங்கள். வாயால் சொன்னதோடு விடாமல், ஆளுக்கொரு தாள்: புதிய நேரம், பஸ் நேரம், மாறாதவை, சந்தேகத்துக்கு யாரைக் கேட்பது. பிறகு இரண்டு பேரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அங்கேயே ஓட்டை தெரிந்துவிடும்.

"பணியாளர் நலன்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். காரணம் லாரி. இரண்டு மணிக்கு கேட்டில் லாரி நிற்பதை லோடிங்கில் இருப்பவர் தினமும் பார்க்கிறார். நலன் என்று சொன்ன அந்த நொடியிலிருந்து சம்பளம் மாறாது என்ற உண்மையையும் நம்ப மாட்டார். மகிழ்ச்சியுடன் தெரிவிக்கவும் வேண்டாம். இரவு 10-க்கு முடிகிற ஷிப்ட் 10.30-க்கு முடிவதில் யாருக்கு மகிழ்ச்சி?

கேள்விகள். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றால் மௌனம்தான் வரும், 180 பேர் முன்னால் முதல் ஆளாக வாய் திறப்பது சின்ன விஷயம் இல்லை. "பக்கத்துல இருக்கறவங்களோட ரெண்டு நிமிஷம் பேசுங்க, சூப்பர்வைசர் வந்து கேட்டுக்குவார்" என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி ஆளின் பெயரில் வராமல் லைனின் பெயரில் வரும். வந்த கேள்வியை மைக்கில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பின்வரிசைக்கு விடை மட்டும் போகும், வினா போகாது.

கட்டாயம் வரப்போகிற கேள்விகள் இவை. மாறும் நாளுக்கு முந்தைய இரவு 10 மணிக்கு வந்தவர் காலை 6.30 வரை இருக்க வேண்டுமா? அந்த அரை மணிக்கு ஓ.டி. உண்டா? இரண்டாம் ஷிப்ட் பெண்கள் பஸ்ஸில் இறங்கும்போது மணி 11-ஐத் தாண்டுமே, கடைசி ஸ்டாப்பில் இருந்து வீட்டுக்கு? கேன்டீன் டீ, சாப்பாட்டு நேரமும் தள்ளுமா? முதல் கேள்விக்கு இன்றே விடை வாங்கி வையுங்கள், ஹெச்.ஆர். அதை யோசித்திருக்க வாய்ப்பு குறைவு. தெரியாத கேள்விக்கு "வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டீஸ் போர்டுல பதில் இருக்கும்" என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

---

கிராஃப்_தாள் எழுதியது:

அந்த 12 ஸ்லைடைப் பற்றி யாரும் பேசவில்லை. 8 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் டி.வி. திரையில் எதையும் படிக்க மாட்டார், படிக்க முயன்றால் உங்களைக் கேட்க மாட்டார். ஒரே ஒரு ஏ3 தாள் போதும்: இடது பக்கம் 6, 2, 10, வலது பக்கம் 6.30, 2.30, 10.30, கீழே தொடங்கும் தேதி. அதை பஸ்ஸுக்குள்ளும் கேன்டீன் கை கழுவும் இடத்திலும் ஒட்டுங்கள்.

மேலிடத்துக்கு ஸ்லைடு போடும்போதும் இதை நினைவில் வையுங்கள். 2003-இல் கொலம்பியா விண்கலம் பறந்துகொண்டிருந்தபோது, இறக்கையில் நுரைத்துண்டு மோதியதைப் பற்றிப் பொறியாளர்கள் ஒரு ஸ்லைடு காட்டினார்கள். மோதிய துண்டின் அளவு 1,920 கன அங்குலம், கையிலிருந்த சோதனைத் தரவு 3 கன அங்குலத் துண்டுக்கானது. 640 மடங்கு. அந்தச் செய்தி ஸ்லைடின் அடியில், உட்பிரிவுக்குள் உட்பிரிவாகச் சின்ன எழுத்தில் கிடந்தது. தலைப்போ நம்பிக்கை ஊட்டும் தொனியில் இருந்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி திரும்பும் வழியில் கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். மூத்த மேலாளர் ஒருவர் இதைப் படித்துவிட்டு, உயிராபத்தைப் பற்றிய ஸ்லைடு என்றே உணராமல் போயிருக்கலாம் என்று விசாரணைக் குழு தன் அறிக்கையில் எழுதியது.

பயிற்சிக்கு: செல்போனில் பதிவு செய்து "வந்து", "அதாவது", "என்னன்னா", "ஓகேவா" எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டு எண்ணுங்கள். மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப்களில் இதற்கென்றே ஒருவரை உட்காரவைப்பார்கள். நின்றுகொண்டு மூன்று முறை, ஸ்டாப்வாட்சோடு. மனப்பாடம் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும். நடுவுக்குக் கையில் ஒரு அட்டை, அதில் ஐந்து சொல்: நேரம், பஸ், சம்பளம், லாரி, வியாழன்.

---

லைன்_2_ஓசூர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாறும் நாள் இரவின் அரை மணியை ஹெச்.ஆரிடம் கேட்டேன். உண்மையிலேயே யோசித்திருக்கவில்லை, ஓ.டி. உண்டு என்று எழுத்தில் வாங்கியாயிற்று. தொடக்கத்தை இப்படி வைத்திருக்கிறேன்:

"வணக்கம். வர்ற ஒன்னாம் தேதியிலேர்ந்து மூணு ஷிப்ட்டும் அரை மணி தள்ளிப் போகுது. காலையில ஆறரை. மதியம் ரெண்டரை. ராத்திரி பத்தரை. பஸ்ஸும் அதே அரை மணி தள்ளி வரும். சம்பளமும் ஓ.டி.யும் இப்போ எப்படியோ அப்படியே. ரெண்டு மணிக்கு லாரி வருது, அப்பதான் ஷிப்ட்டும் மாறுது, லோடிங் நிக்குது. அதனால நாம இந்த முடிவை எடுத்திருக்கோம்."

---

சொல்லேர் எழுதியது:

நன்றாக இருக்கிறது. கடைசி வரியில் மட்டும் "நாம" வேண்டாம், "நாங்க". அந்த 180 பேரில் யாரும் இந்த முடிவில் இல்லை. "ஒன்னாம் தேதி"யோடு கிழமையையும் மாதத்தையும் சேருங்கள்.

---

ஒலிபெருக்கி எழுதியது:

இன்னொன்னு. மொழிபெயர்க்கிறவர் தமிழரா இருந்தா முன்னாடியே சொல்லிக் கேட்டுப் பாருங்க. ஆறரைக்கு சாடே சே, பத்தரைக்கு சாடே தஸ். அதே கணக்குல ரெண்டரைக்கு "சாடே தோ"ன்னு சொல்லிடுவார். இந்தியில அது டாயி பஜே.